நல்ல வண்டி என்று நாம் எதைச் சொன்னோம்? மொரிஸ் மைனரில் இருந்து டொல்பின் வரை

நம்மூரில் ஒருவர் வாகனம் வாங்கப் போகிறார் என்று கேள்விப்பட்டால் போதும், தேநீர்க் கடையில் இருந்து பள்ளிவாசல் படி வரை மூன்று கேள்விகள் வந்து விழும். "மெசின் எப்படி?" "பார்ட்ஸ் எடுக்கலாமா?" "பிறகு வித்தா காசு வருமா?" எவ்வளவு வேகம் போகும் என்று இளந்தாரிகள் கேட்பார்கள். மற்றவர்களுக்கு அதில் அக்கறை இல்லை. பிரேக் எப்படி என்று கிட்டத்தட்ட எவருமே கேட்பதில்லை.

இந்த மூன்று கேள்விகளும் நம் வாப்பாமாரிடமிருந்தும் அவர்களின் வாப்பாமாரிடமிருந்தும் வந்தவை. அவர்களுக்கு இவற்றைக் கற்றுக் கொடுத்தது எந்தக் கார்க் கம்பனியும் அல்ல. நாட்டில் டொலர் இருந்தபோது திறந்தும் இல்லாதபோது மூடியும் கிடந்த இறக்குமதிக் கதவுதான் கற்றுக் கொடுத்தது. 2020 மார்ச்சில் மூடிய அந்தக் கதவு 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. அன்று தொடக்கம் ஆசிரியர் ஓய்வறையிலும் லீசிங் பேச்சுத்தான். பழசா புதுசா, ஹைபிரிட்டா சாதாரண எஞ்சினா, ஜப்பானா இந்தியாவா என்று தினமும் ஒரு பட்டிமன்றம். அதனால்தான் இந்த வரலாற்றைக் கொஞ்சம் எழுதி வைப்போம் என்று நினைத்தோம். நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

மொரிஸ் மைனரில் இருந்து தொடங்குவதுதான் நியாயம். 1948 பெப்ரவரியில் நம் நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் இந்தக் கார் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல், உதுமானிய ஆட்சியில் இருந்த இஸ்மீர் நகரில் பிறந்தவர். தந்தை கிரேக்க வழி, தாய் ஜெர்மானிய வழி. 1922இல் போர்க்காலத்தில் அந்தக் குடும்பம் ஊரை விட்டு வெளியேறியது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மினி காரை வடிவமைத்தவரும் இவரே.

கம்பனியின் தலைவர் நஃபீல்ட் பிரபுவுக்கு மைனர் பிடிக்கவில்லை. அவிச்ச முட்டை மாதிரி இருக்கிறது என்று சொன்னதாகக் கதை. இசிகோனிஸுக்கும் கடைசி நேரத்தில் ஒரு சந்தேகம் வந்தது, கார் ஒடுக்கமாகத் தெரிகிறதே என்று. மாதிரிக் காரை நெடுக்காக நடுவில் வெட்டச் சொன்னார். இரண்டு பாதிகளையும் விலக்கி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலம் கூட்டினால் சரி என்று முடிவெடுத்தார். பொனட்டின் நடுவில் தட்டையாக ஒரு பட்டி ஓடுகிறதே, அது அந்த 4 அங்குலம்தான். பம்பர்கள் அதற்கு முன்னமே செய்து முடிந்திருந்தன. அதனால் ஆரம்பக் கார்களின் பம்பரை நடுவில் வெட்டி ஒரு துண்டு வைத்து ஒட்டினார்கள். நம்மூர்க் கராஜில் நடக்கும் வேலையை அவர்கள் ஒக்ஸ்பர்ட் தொழிற்சாலையிலேயே செய்திருக்கிறார்கள்!

அந்தக் காலத்துச் சின்னக் கார்கள் பல, சட்டத்தின் மேல் பெட்டியை வைத்தது போலிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சில்லு திரும்பும். மைனரில் உடலும் சட்டமும் ஒன்று. ஸ்டியரிங் ரெக் அண்ட் பினியன். முன் சில்லுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, முறுக்குக் கம்பிகளின் மேல் ஏறி இறங்கும். வளைவில் அது பாதையைப் பிடித்துக்கொண்டு போகும் விதத்தை ஓட்டியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆனால் எஞ்சின்? இசிகோனிஸ் புதிதாக ஒன்று வைக்க நினைத்திருந்தார். அது கைகூடவில்லை. பழைய மொரிஸ் எய்ட்டின் 918 சிசி எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். சுமார் 27 குதிரை வலு. தட்டையான பாதையில் மணிக்கு 100 கிலோமீற்றரை எட்டுவதே பெரும்பாடு. "கார் கெட்டித்தனம், மெசின் சோம்பல்" என்பதுதான் முதல் தலைமுறை மைனர் பற்றிய பொதுவான அபிப்பிராயம்.

1952இல் மொரிஸும் ஒஸ்டினும் ஒரே கம்பனியாகச் சேர்ந்தன. ஒஸ்டினிடம் ஏ-சீரீஸ் என்ற சின்ன எஞ்சின் இருந்தது. அது மைனருக்குள் வந்தது. முதலில் 803 சிசி, 1956இல் 948, 1962இல் 1098. மைனர் பிரியர்களிடம் இன்றும் முடியாத வாக்குவாதம் இந்த மூன்றையும் பற்றியதுதான். 803 மெல்லியது, கீழ்ப் பகுதி பெயாரிங் சீக்கிரம் தேயும், கியர்களுக்கு இடையில் இடைவெளி அதிகம், மேட்டில் மூச்சு வாங்கும் என்பார்கள். 948 இனிமையானது, சத்தமே பாட்டுப் போல என்பார்கள். இழுவை வேண்டுமென்றால் 1098 தான் என்பார் லொறி ஓட்டிப் பழகியவர். எங்களைக் கேட்டால் 948 பக்கம்தான் நிற்போம். 37 குதிரை வலுதான். இருந்தாலும் அந்தக் காரின் உடலுக்கு அளந்து தைத்தது போல இருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய விசயம் வலுவோ இனிமையோ அல்ல. அந்த ஏ-சீரீஸ் எஞ்சின் ஒரு காருக்கு மட்டும் செய்யப்பட்டது அல்ல. ஒஸ்டின் ஏ30, ஏ35, பிறகு வந்த ஏ40, மினி என்று ஒரு குடும்பமே அதில் ஓடியது. 1951இல் பிறந்த அந்த எஞ்சினை 2000ஆம் ஆண்டு வரை இங்கிலாந்தில் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு எஞ்சின் அரை நூற்றாண்டு ஓடினால் அதன் கெஸ்கட்டும் வால்வும் உலகில் தீர்ந்து போகாது. மைனரின் ஆயுளுக்கு இரும்பின் கனம் ஒரு காரணம் என்றால் இந்தக் குடும்ப உறவு அதை விடப் பெரிய காரணம். நம் ஆட்கள் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை, கையால் அறிந்தார்கள். "ஒஸ்டின் சாமான் மொரிஸுக்குப் போகும்" என்பது கராஜ்களின் முதல் பாடம்.

1960 டிசம்பரில் பத்து லட்சமாவது மைனர் வெளிவந்தது. பிரித்தானியக் கார் ஒன்று அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அதைக் கொண்டாட 350 அளவில் இளம் ஊதா நிறத்தில் கார்கள் செய்து, "மைனர் 1000" என்றிருந்த இடத்தில் "மைனர் 1000000" என்று பொறித்தார்கள். 1971இல் உற்பத்தி நின்றது.

இலங்கைக்கு மைனர் வந்தது பிரித்தானியப் பண்டங்கள் எல்லாம் வந்த அதே வழியில்தான். தோட்டத் துரைமார், டாக்டர்மார், உத்தியோகத்தர்கள், கடை முதலாளிமார் வாங்கினார்கள். கொழும்பில் கூரைக்கு மஞ்சள் பூசி டாக்ஸியாக ஓடியது. பழைய கார்ப் பிரியர்கள் நம்பர் தகட்டைப் பார்த்தே வயதைச் சொல்வார்கள். சிலோன் என்பதன் ஆங்கில எழுத்துகளில் இருந்து எடுத்த சி.எல்., ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. தகடுகள் என்றால் 1950களின் பிற்பகுதிக்கு முந்தியது. அதற்குப் பிறகு ஸ்ரீ தகடு. அந்த ஒரு சிங்கள எழுத்தைத் தகட்டில் வைத்ததற்கு எதிராகத் தமிழ்ப் பகுதிகளில் தார் பூசும் போராட்டம் நடந்ததும், 1958இல் நாடு கலவரத்தில் எரிந்ததும் நமக்குத் தெரியும். இன்று ஸ்ரீ நம்பர் உள்ள பழைய காருக்கு மதிப்புக் கூட என்று சந்தையில் சொல்லும்போது அந்த நினைவு எவருக்கும் வருவதில்லை.

மைனருக்கு எதிரிகளும் இருந்தார்கள். வொக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருந்தவர்கள் மைனர்காரரைப் பார்த்துச் சிரிப்பார்கள், காரணம் தண்ணீர். பீட்டிலுக்கு ரேடியேட்டர் கிடையாது, காற்றில் குளிரும் எஞ்சின். அது பின்னால் இருந்ததால் எடை முழுவதும் பின் சில்லில் விழும். கரையோர மணல் ஒழுங்கைகளில் மற்றக் கார்கள் புதையும் இடத்தில் பீட்டில் ஏறிப் போய்விடும். பேஜோ 404 வைத்திருந்தவர்கள் இரண்டு பேரையும் மதிக்க மாட்டார்கள். அந்தக் கார் கிழக்கு ஆபிரிக்க சபாரி ஓட்டப் போட்டியை 1963, 1966, 1967, 1968 என்று நான்கு தடவை வென்றது. செம்மண்ணிலும் சேற்றிலும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடி வென்ற கார். உண்மையைச் சொன்னால் மூன்றிலும் சிறந்த வாகனம் 404 தான். இருந்தும் நம் நாட்டில் அதிக காலம் நின்றது மைனர். பிரெஞ்சுக் காரின் சாமானுக்கு எங்கே போவது?

நம் பகுதியில் இருந்து கொழும்புக்குக் காரில் போவது என்றால் அம்பாறை, மகியங்கனை, கண்டி. மகியங்கனைக்கும் கண்டிக்கும் இடையில் அந்தப் பதினெட்டு வளைவு. பாதை அகலமாகாத காலத்தில் ஒரு வாகனத்தின் நல்லது கெட்டது அங்கேதான் தெரியும். ஏறும்போது ரேடியேட்டர் கொதிக்கும். தண்ணீர்க் கலன் இல்லாமல் எவரும் புறப்பட மாட்டார்கள். இறங்கும்போது வேறு கதை. மைனரின் நான்கு சில்லிலும் டிரம் பிரேக். தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடாகிப் பிடி குறைந்துகொண்டு போகும். கெட்டிக்கார ஓட்டுநர் எந்தக் கியரில் ஏறினாரோ அதே கியரில் இறங்குவார். இன்று ஒட்டோ கியர் வாகனத்தை டீயில் போட்டு, பிரேக்கை மட்டும் நம்பி அந்த மலையில் இறங்குகிறவர்களைப் பார்க்கும்போது, அந்தப் பழைய பாடத்தை யாரும் இவர்களுக்குச் சொல்லவில்லையே என்று தோன்றும்.

மைனரின் குறைகளையும் சொல்ல வேண்டும். முன் சில்லின் கீழ்ப் பக்கம் ட்ரனியன் என்று ஒரு திருகு மூட்டு உண்டு. அதற்கு அடிக்கடி கிரீஸ் அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் திரும்பும்போது சில்லு பிரிந்து கார் மூக்கில் விழும். மின்சாரப் பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கும். சத்தம் நின்றால் பொனட்டைத் திறந்து ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அடிப்பாகம் துருப் பிடிக்கும். கடல் காற்றில் இரட்டிப்பு வேகத்தில் பிடிக்கும். ஆனால் இவை எல்லாம் ஒரு மனிதர் குனிந்து பார்த்துக் கையால் திருத்தக்கூடிய குறைகள். அந்தக் காரில் மறைவான பகுதி என்று எதுவும் இல்லை.

1950களின் நடுப்பகுதிக்குப் பிறகு தேயிலையும் ரப்பரும் கொண்டு வந்த அந்நியச் செலாவணி மெல்ல மெல்லக் கரைந்தது. 1960களின் தொடக்கத்தில் கட்டுப்பாடுகள் இறுகின. கார் என்பது ஆடம்பரம், அரிசிக்கும் மருந்துக்குமே காசு போதாது என்ற நிலை. 1970க்குப் பிறகு இன்னும் இறுகியது. 1973இல் உலக எண்ணெய் விலை ஏறியதும் ஓடிய கார்களும் மரத்தடியில் நின்றன. உள்ளூரில் உபாலி விஜேவர்தன பியட், மஸ்டா கார்களைப் பொருத்தி விற்றார். அவை சொற்பம். மற்றவர்களுக்கு இருந்தது பழையதுதான்.

அந்தப் பதினைந்து பதினாறு வருசம்தான் நம் நாட்டின் கராஜ் பாஸ்மாரை உருவாக்கியது என்று நாம் நினைக்கிறோம். இல்லாத சாமானைச் செய்தார்கள். கடைசல் பட்டறையில் புஷ் கடைந்தார்கள். பிஸ்டனுக்கு வேறு காரின் ரிங் போட்டார்கள். தகரப் பீப்பாயை வெட்டித் தளம் ஒட்டினார்கள். கொழும்பு மருதானையில் பஞ்சிகாவத்தைத் தெருவில் கழற்றிய வாகனங்களின் உறுப்புகள் விற்கும் வியாபாரம் பெருத்தது. இன்றும் அங்கே போய் வாகனத்தின் பெயரையும் ஆண்டையும் சொன்னால், மாடியில் இருந்து ஒருவர் அந்தச் சாமானைக் கயிற்றில் கட்டி இறக்குவார். "பார்ட்ஸ் எடுக்கலாமா?" என்ற நம் இரண்டாவது கேள்விக்கு வயது என்னவென்றால் இந்தக் காலம்தான்.

இந்த அனுபவம் கடல் கடந்த கதை பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வெயார் என்பவர் 1976இல் மொரிஸ் மைனர்களைத் திருத்தி விற்கும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1982இல் நெடுங்காலம் உழைக்கும் காரை வைத்திருப்பது பற்றி ஒரு நூலும் எழுதினார். அவருடைய வாதம் எளிமையானது. புதிய காரின் மிகப் பெரிய செலவு பெற்றோலும் அல்ல, திருத்த வேலையும் அல்ல. வாங்கிய நாளில் இருந்து குறைந்துகொண்டு போகும் அதன் பெறுமதிதான். திருத்தக்கூடிய ஒரு பழைய காருக்கு வருசா வருசம் அளவாகச் செலவு செய்து வைத்திருந்தால் அந்த நட்டம் இல்லை. இந்தக் காரியத்துக்கு மைனரின் தகடுகளும் பாகங்களும் தேவைப்பட்டன. அவர் 1990களின் தொடக்கத்தில் இலங்கைத் தொழிலதிபர் ஒருவரோடு சேர்ந்து அவற்றை இங்கே செய்யும் தொழிற்சாலையை ஏற்படுத்தினார். இங்கிலாந்தில் பிறந்த காருக்கு இலங்கையில் செய்த உறுப்புகள் கப்பலில் இங்கிலாந்துக்குப் போயின. பஞ்சத்தில் பழகிய கைத்தொழில் ஏற்றுமதியானது என்று சொன்னால் பிழையில்லை.

1977இல் ஆட்சி மாறியது, பொருளாதாரம் திறந்தது. ஜப்பான் வாகனங்கள் கப்பல் கப்பலாக வந்தன, அதிலும் ரிகண்டிஷன். ஜப்பானில் சில வருடம் ஓடிய வாகனம் அங்கே மலிவு, இங்கே புதுசு. நிசான் சனி வந்தது. (பெயரைக் கேட்டு முதலில் தயங்கியவர்களும் உண்டு, சனி பிடித்தவர் விடமாட்டார் என்று பகிடி. உண்மையில் அந்தக் கார் எவரையும் கைவிடவில்லை.) டொயோட்டா டிஎக்ஸ் வெகன் வந்தது. நம் பகுதியில் அதற்கு இருந்த மரியாதையை என்னவென்று சொல்வது! கே வரிசை எஞ்சின். கேம் சங்கிலியில் ஓடும், பெல்ட் அறும் பயம் இல்லை. பின்னால் இலைவில். பின் இருக்கையை மடித்தால் மீன் பெட்டி, நெல் மூட்டை, கடைச் சாமான் எல்லாம் ஏறும். மாலையில் கழுவிவிட்டால் அதே வாகனத்தில் கலியாணத்துக்குப் போகலாம். ஒரு வாகனத்தில் நான்கு தொழில். மைனரில் பழகிய பாஸ்மாருக்கு இது பழைய சிநேகிதன் போல இருந்தது. பொனட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், ஒருபோதும் கொதிக்காது, பம்பைத் தட்டத் தேவையில்லை.

வயல் பக்கத்தில் லேண்ட்மாஸ்டர் தனி ராச்சியம் நடத்தியது. அது உண்மையில் ஓர் ஆங்கிலக் கம்பனியின் பெயர். நாம் எந்தக் கம்பனியின் இரு சில்லு உழவு மெசினுக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டோம். காலையில் உழும், மாலையில் பெட்டியைப் பூட்டினால் குடும்பமே ஏறும். வேகம் சைக்கிள்காரர் முந்திப் போகும் அளவு. பயன்பாட்டை மட்டும் வைத்துப் பரிசு கொடுப்பதென்றால் கார்களுக்கு முன் அதற்குத்தான் கொடுக்க வேண்டும்.

இனி டொல்பின். டொயோட்டா ஹைஏஸின் 1989இல் வந்த தலைமுறையை நாம் அப்படிக் கூப்பிடுகிறோம். நீண்ட யுத்த காலத்தில் நம் மக்களைக் கொழும்புக்கும் கண்டிக்கும் ஆஸ்பத்திரிக்கும் விமான நிலையத்துக்கும் கொண்டு போனது அதுதான். வெள்ளை வேன் என்ற சொல் நாட்டில் வேறொரு பயங்கரத்துக்கும் பெயரானது, அதையும் மறப்பதற்கில்லை. எல்எச் 113 என்ற மாதிரிக்கு 2.8 லீற்றர் டீசல் எஞ்சின். டேர்போ இல்லை, கம்பியூட்டர் இல்லை, டீசலைத் தெளிப்பது முழுக்க இரும்பு வேலை. ஒயிலை நேரத்துக்கு மாற்றினால் அந்த எஞ்சின் லட்சக்கணக்கான கிலோமீற்றர் ஓடும். ஓடிக் களைத்தால் எஞ்சினை முழுசாகப் பிரித்துத் திருத்தி மறுபடி ஓட விடலாம். முப்பது வயதான டொல்பின் இன்றும் பல லட்சம் ரூபாய்க்குக் கைமாறுகிறது என்றால் காரணம் இதுதான். நம் மூன்று கேள்விக்கும் முழுப் புள்ளி வாங்கிய வாகனம்.

நான்காவது கேள்வியை யாரும் கேட்காமல் விட்டதும் அதனால்தான். டொல்பினில் ஓட்டுநர் முன் அச்சுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார், எஞ்சின் அவருக்குக் கீழே. அவருடைய முழங்காலுக்கும் எதிரே வரும் லொறிக்கும் இடையில் இருப்பது தகடும் கண்ணாடியும்தான். மோதலின் வேகத்தை உறிஞ்சி மடங்குவதற்கு முன்னால் நீளமான மூக்கு இல்லை. மைனரிலும் பாதுகாப்பு இல்லைதான். மூன்று புள்ளி பெல்ட்டே 1959இல் வொல்வோ காரில்தான் வந்தது. ஆனால் மைனர் போன வேகம் வேறு, அன்றைய பாதை வேறு. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இது ஏ.எல். பிள்ளைகளுக்கு நாங்கள் கரும்பலகையில் எழுதிக் கொடுக்கும் கணக்கு. வாகனத்தின் உழைப்பை நாம் எஞ்சினின் உழைப்பாக மட்டுமே அளந்தோம். எஞ்சின் உழைக்கிறது, பிரேக்கும் டயரும் அதற்கு முன்னமே வயசாகிவிடுகின்றன.

2020இல் கதவு மறுபடி மூடியதும் 1970களின் கதை திரும்பி வந்தது. ஐந்து வருடம் ஓட்டிய காரை வாங்கிய விலையை விடக் கூட்டி விற்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சார்ள்ஸ் வெயார் கண்டிருந்தால் திகைத்திருப்பார். 2022இல் பெற்றோல் வரிசை வந்தது, பாடசாலைகள் மூடின, ஜூலையில் கியூஆர் முறை வந்தது. தொடக்கத்தில் வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. அன்றுதான் பலர் முதல் தடவையாக, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று வாய்விட்டுக் கேட்டார்கள். அந்த 20 லீற்றரில் வெகன்ஆர் 350 கிலோமீற்றருக்கு மேல் போகும். நல்ல நிலையில் உள்ள மைனர் 250 போகும். பெரிய ஜீப் வைத்திருந்தவர் வாரத்தில் பாதி நாள் சைக்கிளில் போனார். ஒரு வாகனம் நல்லது என்பதற்கு நிலையான வரைவிலக்கணம் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகப் படிப்பிக்க முடியாது.

ஹைபிரிட் பற்றி ஊரில் இருக்கும் பயம் பாதி நியாயம், பாதி பழக்கம். டொயோட்டா அக்வாவின் பெரிய பெற்றரி பின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. அதைக் குளிர வைக்கும் காற்றை உள்ளே இழுக்கும் துவாரம் இருக்கையின் ஓரத்தில் இருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? அதன் மேலே பை, சீலை, பிள்ளையின் பாய் எல்லாம் குவித்து அடைத்துவிடுகிறோம். மணலும் தூசும் போய் விசிறியில் படிகிறது. பிறகு பெற்றரி சூடேறிக் கெட்டதும் "ஹைபிரிட் சரிவராது" என்கிறோம். அந்தக் காலத்தில் மைனரின் ட்ரனியனுக்குக் கிரீஸ் அடிக்காமல் விட்டவரின் அதே கதைதான். வித்தியாசம் ஒன்று உண்டு. ட்ரனியனைக் கடைசல் பட்டறையில் செய்யலாம், பெற்றரியைச் செய்ய முடியாது. ஸ்கேனர் பிடிக்கத் தெரிந்த இளம் பாஸ் ஒருவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று பார்த்து வாங்குவதே புத்தி. மின்காருக்கும் இதே அளவுகோல்தான்.

ஆக, மெசின், பார்ட்ஸ், விலை என்ற மூன்று கேள்வியும் முட்டாள்தனம் என்று நாம் சொல்லவில்லை. அவற்றைக் கேட்டதால்தான் நம் குடும்பங்கள் கடனில் மூழ்காமல் தப்பின. இளையவர்கள் அவற்றைப் பார்த்துச் சிரிப்பது சரியல்ல. ஆனால் காலை ஏழு மணிக்குப் பாடசாலை வாசலில் நிற்கும் எங்களுக்கு வேறொன்றும் தெரிகிறது. பதினைந்து பேருக்கான டொல்பினில் இருந்து இருபத்தைந்து பிள்ளைகள் இறங்குகிறார்கள். வேன்காரக் காக்காமாரைக் குறை சொல்வது இலேசு. மாதக் கூலியில் ஐந்நூறு ரூபாய் கூட்டக் கேட்டால் நாம் வேறு வேன் பார்க்கிறோம். அவர் எஞ்சினைக் கவனிப்பார், ஏனென்றால் எஞ்சின் நின்றால் அன்றே தொழில் நிற்கும். டயர் இன்னும் ஒரு மாதம் தாங்கும் என்று நினைப்பார்.

பார்க்கத் தெரியாதவர்களுக்காக இரண்டு விசயம் எழுதுகிறோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பிரேக் பெடலை அரை நிமிடம் ஒரே அழுத்தத்தில் மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. அடுத்தது டயர். அதன் பக்கவாட்டில் எழுத்துகளின் கடைசியில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்தது. ரீபில்ட் பண்ணிய டயரில் மேல் ரப்பர் புதுசாக மினுங்கும், உள்ளே இருக்கும் டயர் அந்த இலக்கத்தின் வயதுதான். சில டயர்களில் அந்த இலக்கம் உட்பக்கமாக இருக்கும், குனிந்து பார்க்க வேண்டும்.

எங்கள் வாசலுக்கு வரும் ஒரு வேனின் பின் டயரில் 1114 என்று இருந்தது. வேன்காரக் காக்காவிடம் காட்டினோம். அவருக்கும் அது புது விசயம். பின்னுக்கு இரண்டையும் அந்தக் கிழமையே மாற்றினார். முன்னுக்கு இரண்டும் வெள்ளாமை வெட்டி, பெற்றோர் பாக்கியைக் கொடுத்த பிறகு என்று சொல்லியிருக்கிறார்.